கரண்டு கதவும் எங்க மாமாவோட ஸ்டூலும்

ஒரு கதவு நல்லா கீதா இல்லியான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? தள்ளிப் பாத்தா தெரியும். தொறந்தா நல்ல கதவு, தொறக்கலன்னா கெட்ட கதவு. இத்த சொல்றதுக்குப் படிப்பு வோணுமா? ஆனா எங்க கம்பெனில அதுக்குன்னே ஒரு ஆளப் போட்டு, தெனம் காலைல கதவு பக்கமே போவாம, வேற ரூம்புல மாட்டி வெச்சிருந்த ஒரு பொட்டியப் பாத்துட்டு வந்து "கதவு சௌக்கியம் சார்"னு சொல்ல வெச்சாங்க. அந்த ஆளு நான்தான். அந்த வேலைக்குப் பேரு ஸ்டேட்டஸ் செக்கு.

இத்த கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதக்கூடாதான்னு எம்பேத்தி கேக்கறா. கல்மண்டபத்துல பொறந்து, ராயபுரத்துல வளந்து, திருவொத்தியூர்ல வேல செஞ்சவன் வேற எந்தத் தமிழப் பேசுவான்? புடிச்சா படி, புடிக்கலன்னா போய்க்கினே இரு.

எழுபதுங்க ஆரம்பத்துல நடந்தது இது. எங்க கம்பெனி எண்ணூர் ரோட்டு மேல, சமுத்திரத்துக்கு முதுகக் காட்டிகினு நிக்கும். அந்த உப்புக் காத்து இருக்குதே, அது எத்தயும் வுட்டு வெக்காது. சைக்கிள் செயின துன்னும், ஜன்னக் கம்பிய துன்னும், புதுசா அடிச்ச பெயின்ட்டப் பொங்கலுக்குள்ள உரிச்சிப் போட்டுரும். நான் அங்க வயர்மேன். அப்ப கண்ணாலம் ஆவல. ராயபுரத்துல எங்க அக்கா வூட்லதான் சோறு, படுக்கை எல்லாம்.

அக்கா வூட்டுக்காரர, அதான் எங்க மாமாவ, பத்தி சொல்லணும். அவரு முன்ன ஆர்பர்ல கலாசி. கப்பல்லேந்து சாமான் எறக்கற கூட்டம். ஒரு நாளு இரும்புக் கயிறு அறுந்து அடிச்சதுல வலது கை மணிக்கட்டோட போச்சு. ஒத்தக் கை கலாசிய எவன் வேலைக்கு வெப்பான்? வூட்ல குந்திகினு செவுத்தப் பாத்துகினு இருந்தாரு. பசங்க பசங்களா நாலஞ்சு வாயி. அப்ப எங்க கம்பெனில இருந்த பழைய மேனேஜரு, நல்ல மனுஷன், ஃபாரின் ஸ்டோர்ஸ் வாசல்ல ஒரு ஸ்டூலப் போட்டு மாமாவக் குந்த வெச்சாரு. வெளிநாட்லேந்து வர்ற வெல ஒசந்த பேரிங்கு, மீட்டரு, வால்வு எல்லாம் அந்த ரூம்புலதான். சாவி மாமா கிட்ட. யாரு வந்தாலும் அவருதான் தொறந்து வுடணும்.

தொறக்கறதுக்கு முன்ன அவரு ஒரு கேள்வி கேப்பாரு. "வூட்ல எல்லாம் சௌக்கியமா?" அவ்ளோதான். கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்துகினு இருப்பாரு. பதில் வந்தப்பறம்தான் இடது கையால சாவிய எடுப்பாரு. பிட்டரு வந்தாலும் அதே கேள்வி, ஆபீசரு வந்தாலும் அதே கேள்வி. "எங்கம்மாவுக்கு ஜொரம் கொறயல"ன்னு ஒருத்தன் சொன்னா, மறுநாளு அவன் வந்தப்ப ஜொரம் இன்னா ஆச்சுன்னு கேப்பாரு. "இன்னா மாமா, பாவமன்னிப்புக் கூண்டுல குந்தின சாமியாராட்டம் எல்லார் கதையும் கேக்கற?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "கேட்டா இன்னா மச்சான், வாயி தேஞ்சா பூடும்?"னு சிரிப்பாரு.

இந்தக் கேள்வி ஒருத்தருக்கு மட்டும் ஆவாது. பழைய மேனேஜரு போயி அவர் எடத்துக்கு வந்த பெரிய சாரு. இஸ்திரி மடிப்பு கலையாத மனுஷன். மாமா "வூட்ல எல்லாம் சௌக்கியமா சார்?"னு கேட்டா அவரு மொகம் கருத்துரும். "உன் வேலை கதவைத் திறக்கறது. திற"ன்னு வெடுக்குன்னு சொல்லுவாரு. மாமா தொறப்பாரு. மறுநாளு திரும்பவும் கேப்பாரு. ரெண்டு பேருமே மாறல.

அப்பத்தான் பம்பாய் ஹெட்டாபீஸ்லேந்து ஒருத்தரு வெளிநாடு சுத்திட்டு வந்து, அங்க கதவெல்லாம் ஆளே இல்லாம அட்டயப் போட்டா தொறக்குதுன்னு பெரிய சார் காதுல ஓதிட்டாரு. பெரிய சாருக்கு அது புடிச்சிகிச்சு. கேள்வி கேக்காத கதவு! கம்பெனி செலவுல கப்பல்ல கதவு வந்துச்சு. அத்த எறக்கனது யாருன்றீங்க? மாமாவோட பழைய கலாசி தோஸ்துங்கதான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவரு ஒரு பாய், தண்டையார்பேட்டைக்காரரு. "மாமூ, ஒன் பொயப்புக்கு வேட்டு வெக்க ஒரு பொட்டி வந்து கீது. நாங்களே பூப்போல எறக்கி வுட்டோம், மன்னிச்சுக்கோ"ன்னு மாமா கிட்ட சொல்லிட்டுப் போனாரு. மாமா சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல.

கதவ மாட்டனது எங்க இன்ஜினியர் சாரு. சின்ன வயசு. வெளிநாட்ல போயி டிரெய்னிங் எடுத்துகினு வந்தவரு. கெட்டவருன்னு சொல்லமாட்டேன், ஆனா பொஸ்தகத்துல போட்ருந்தா சூரியன் மேக்கால ஒதிக்குதுன்னு சத்தியம் பண்ணுவாரு. அவரு எங்களயெல்லாம் நிக்க வெச்சி வெளக்கம் சொன்னாரு. ஓட்ட போட்ட ஒரு அட்ட. அத்தக் கதவாண்ட கீற சந்துல வுட்டா, உள்ள கீற காந்தம் தாழ்ப்பாள இழுத்துக்கும், கதவு தொறக்கும். வுட்டா தானா மூடிக்கும். உள்ளேந்து வெளிய வர ஒரு பட்டன். ஆபத்துக்கு, வெளிப்பக்கத்துல மட்டும் சாவி போட ஓட்ட. கரண்டு ரூம்புல ஒரு பொட்டி, அதுல ரெண்டு வெளக்கு.

"பச்சை எரிஞ்சா கதவு நல்ல நிலைமையில இருக்கு. சிவப்பு எரிஞ்சா கோளாறு. கோளாறுன்னா யாரும் கார்டு போடக்கூடாது, உள்ளே போயி மாட்டிக்குவீங்க. புஸ்தகத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கான்"னாரு.

"கதவப் போயி பாத்தா தெரியாதா சார்?"ன்னேன்.

"கதவைப் பார்த்தா கதவுதான் தெரியும். ஸ்டேட்டஸ் தெரியாது"ன்னாரு.

அன்னிலேந்து தெனம் காலைல வெளக்கப் பாத்துட்டு வந்து சொல்றது என் வேல ஆச்சு.

பெரிய சாரு ஒரே வார்த்தை சொன்னாரு. "பொங்கல் வரைக்கும் பார்ப்போம். கதவு ஒழுங்கா வேலை செஞ்சா, அந்த ஸ்டூலை எடுத்துடலாம்." ஸ்டூலுன்னா ஸ்டூல் இல்ல, அதும் மேல குந்திகினு கீற மனுஷன். ஒத்தக் கைய வெச்சிகினு வெளிய போனா மாமாவுக்கு வேற எடம் கெடயாது. அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கொடுமைய பாருங்க, எங்க வூட்டு அடுப்பு எரியணும்னா கதவு கெட்டுப் போவணும். கதவு நல்லாருக்குன்னு தெனம் சொல்ல வேண்டியவன் நானு.

அக்கா சாயங்காலம் வாசல்லயே நிப்பா. "இன்னாடா எரிஞ்சுது இன்னிக்கு?"

"பச்ச."

"ஒனக்கு வேற நல்ல வார்த்தயே வாயில வராதா?"ன்னு தட்ட 'ணங்'குன்னு வெப்பா. பச்ச எரிஞ்ச அன்னிக்கு எனக்கு ரசமும் அப்பளமும்தான். மீன் வாங்கறதேயில்ல. ராயபுரத்துல குந்திகினு மீன் இல்லாம சோறு துன்னவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். "நான் இன்னாக்கா பண்ணுவேன், எரியறதத்தான சொல்ல முடியும்?"னு கேட்டா, "நீ வயர்மேன்தான, ஒரு வயரப் புடுங்கத் தெரியாது?"ன்னு அவ கேப்பா. மாமாதான் குறுக்க வுயுந்து, "தோ பாரு, அவன் வேலைக்கும் சேத்து ஒல வெக்காத"ன்னு அடக்குவாரு.

கதவு வேல செஞ்ச லட்சணத்தயும் சொல்லிடறேன். அட்ட ஆபீசருங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்க. பிட்டருக்கு ஒரு பேரிங்கு வோணும்னா, மொதல்ல அட்ட வெச்சிருக்கற ஒரு ஆபீசரத் தேடணும். அவரு டீ குடிச்சிகினு இருப்பாரு, இல்ல மீட்டிங்குல இருப்பாரு, இல்லன்னா அட்டய வூட்ல மறந்து வெச்சிட்டு வந்திருப்பாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்ற கதைதான். மிஷினு நின்னு கெடக்கும், ஜனம் கதவாண்ட நின்னுகினு இருக்கும். மாமா ஸ்டூல்ல சும்மா குந்திகினு, நிக்கறவங்கள "வூட்ல எல்லாம் சௌக்கியமா?"ன்னு கேட்டுகினு இருப்பாரு. தொறக்கற வேல போனாலும் கேக்கற வேலய அவரு வுடல.

இப்டியே போயி ஆயுத பூஜை வந்துச்சு. எங்க பக்கத்துக் கம்பெனிங்கள்ல ஆயுத பூஜைன்னா அது சாமி சமாச்சாரம் மட்டும் கெடயாது. கோயிலுக்குப் போறவன், சர்ச்சுக்குப் போறவன், பள்ளிவாசலுக்குப் போறவன் எல்லாம் சேந்து மிஷினக் கழட்டித் தொடச்சி, கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சி, பொரி கடல வாங்கிகினு வூட்டுக்குப் போவோம். ஸ்பேனருக்குக் கூட பொட்டு உண்டு. வெச்ச பொட்ட யாரும் தொடைக்கமாட்டோம், தானா உதுந்தாத்தான் உண்டு. அது பழக்கம்.

கரண்டு ரூம்பு பொட்டியத் தொடைக்க நான் துணியோட போனேன். இன்ஜினியர் சாரு என்ன மறிச்சிட்டாரு. "இது வெளிநாட்டுச் சாமான். உன் கை பட வேண்டாம், நானே செய்யறேன்." சட்டய மடிச்சி வுட்டுகினு, ரெண்டு வெளக்கோட கண்ணாடி மூடியயும் திருவிக் கழட்டி, சீயக்காத் தண்ணில ஊற வெச்சிக் கழுவி, பளபளன்னு தொடச்சி, திருப்பி மாட்டனாரு. மாட்டிட்டு ஒவ்வொரு வெளக்குக்குக் கீழயும் கொழகொழன்னு சந்தனத்த அப்பி நடுவுல குங்குமம் வெச்சாரு. பக்தி ஜாஸ்தி அவருக்கு.

அப்பால தெரிஞ்ச சங்கதிய இப்பவே சொல்லிடறேன், ஒளிச்சி வெச்சி ஆட்டம் காட்டற பழக்கம் எனக்கு இல்ல. பச்ச மூடிய செவப்பு வெளக்குக்கும், செவப்பு மூடிய பச்ச வெளக்குக்கும் மாத்தி மாட்டிட்டாரு மனுஷன். எது எந்த வெளக்குன்னு கீழ இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். அத்தத்தான் சந்தனத்தால மூடிட்டாரே!

லீவு முடிஞ்சி போயிப் பாக்கறேன், செவப்பு எரியுது. எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆச்சு, சந்தோசத்துல. ஓடனேன்.

"செவப்பு சார்!"

"என்னய்யா, சிரிச்சிக்கிட்டே சொல்றே?"

"சிரிக்கல சார், மொகமே அப்டித்தான்."

கதவுக்கு ஒண்ணும் ஆவல, குத்துக்கல்லு மாதிரி நல்லாருந்துச்சு. ஒரே ஒரு தபா அட்டயப் போட்டுப் பாத்திருந்தா தொறந்திருக்கும். ஆனா செவப்பு எரியறப்ப அட்ட போடக்கூடாதே! பெரிய எழுத்துல போட்ருக்கானே! யாரும் போடல. பெரிய சாரு பல்லக் கடிச்சிகினு, சாவிய மாமா கிட்டயே திருப்பிக் குடுக்கச் சொன்னாரு. அன்னிக்கு எங்க வூட்ல வஞ்சிர மீன் கொயம்பு. அக்கா எனக்குத் துண்டு மேல துண்டு போட்டா. "இன்னொரு தபா சொல்லு, இன்னா எரிஞ்சுது?" "செவப்புக்கா." "எந்தங்கம்!"

இதுல வேடிக்கை இன்னான்னா, செவப்பு எரிஞ்சதுக்கு மூணு பேரு பங்கு கேட்டாங்க. அக்கா, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தனதாலதான்னா. கலாசி பாய், தர்காவுல பாத்தியா ஓதனதாலதான்னாரு. எங்க போர்மேனு, பூஜையில அவரு ஒடச்ச பூசணிக்கா திருஷ்டியக் கழிச்சிடுச்சின்னு மீசைய முறுக்கனாரு. ஒரு மூடிய மாத்திப் போட்டதுக்கு மூணு சாமியயும் இழுத்து வுட்டோம்.

இன்ஜினியர் சாருதான் பாவம். கதவப் பிரிச்சாரு, எல்லாம் நல்லாருந்துச்சு. பொட்டியப் பிரிக்கல, அதுக்குத்தான் பொட்டு வெச்சி கீதே. வெளிநாட்டுக்குக் கடுதாசி போட்டாரு. பதில் வந்துச்சு, "தயவு செய்து ஸ்டேட்டஸ் என்ன என்று தெரிவிக்கவும்"னு. செவப்புன்னு எழுதனாரு. அப்டின்னா கதவு கெட்டுப் போச்சின்னு அவன் எழுதனான். புது காந்தம் வந்துச்சு, மாட்டனாரு, செவப்பு. புது வயரு வந்துச்சு, மாட்டனாரு, செவப்பு. ஆளு எளச்சிப் போயிட்டாரு. மாமா அவரு வந்தப்பல்லாம் "சௌக்கியமா சார், தூங்கறீங்களா?"ன்னு கேட்டு தொறந்து வுடுவாரு. தன் பொயப்ப ஒயிக்க வந்தவர் கிட்டயே இப்டிக் கேக்கற மனுஷன நான் வேற எங்கயும் பாத்ததில்ல. எனக்குக் கடுப்பாவும்.

மார்கயி வந்துச்சு. அந்த வருசம் பனியும் தூறலும் வுடாம ஊத்திச்சு. உப்புக் காத்து சும்மா இருக்குமா? புது காந்தம், புது வயரு எல்லாத்தயும் பச்சப் பாம்பு நெறத்துல பூத்துப் போவ வெச்சி, தாழ்ப்பாள துரு புடிக்க வெச்சிடுச்சு. கதவு இப்ப நெசமாவே கெட்டுப் போச்சு. கெட்டுப் போனா எந்த வெளக்கு எரியும்? கோளாறு வெளக்கு. அதும் மேல எந்த மூடி? பச்ச மூடி.

அந்தக் காலைல போயிப் பாக்கறேன், பச்ச எரியுது. போகிக்கு மொத நாளு. பொய்யா "செவப்பு"ன்னு சொல்லிடலாமான்னு திரும்பறேன், இன்ஜினியர் சாரு பின்னாடியே நின்னுகினு இருக்காரு. கண்ணுல தண்ணி அவருக்கு. "பச்சை! பச்சைய்யா! தானா சரியாயிடுச்சு!"ன்னு என்னக் கட்டிப் புடிச்சிகினாரு. அவர் தோள் வழியா நான் அந்த வெளக்கப் பாத்தேன். அத்த ஒரே அடியா ஒடச்சிப் போடலாம்னு ஆத்திரம் வந்துச்சு.

பெரிய சாருக்குச் செய்தி போச்சு. அவரு ஆபீசருங்க எல்லாரயும் இட்டுகினு ஸ்டோர்ஸ் வாசலுக்கு வந்தாரு. "நாளைக்கு போகி. பழசை எல்லாம் கழிக்கிற நாள். நாம இன்னிக்கே ஆரம்பிச்சிடுவோம்"னாரு. ஆபீசருங்க சிரிச்சாங்க. சிரிக்காம இருக்க முடியுமா, சம்பளம் வாங்கறவங்க ஆச்சே.

"கடைசியா ஒரு தடவை திறந்துட்டு, சாவியைக் கொடுத்துடு"ன்னாரு மாமா கிட்ட.

மாமா எந்திரிச்சாரு. ஸ்டூல செவுத்தோரம் தள்ளி வெச்சாரு. "வூட்ல எல்லாம் சௌக்கியமா சார்?"னாரு.

"திற."

மாமா இடது கையால தொறந்தாரு. சாவிய எடுத்து, சட்டையில தொடச்சி, குடுத்தாரு. பெரிய சாரு அத்த தன் பாக்கெட்ல போட்டுகினு, "நான் உள்ளே போறேன், கதவு தானா மூடும், பட்டனை அழுத்தி வெளியே வருவேன். எல்லாரும் பாருங்க"ன்னு உள்ள போனாரு. கதவு தானா மூடிச்சு. அது மட்டும் நல்லா வேல செஞ்சுது. மாமா யாரயும் பாக்கல. சோத்துத் தூக்குச் சட்டிய எடுத்துகினு கேட்டுப் பக்கம் நடந்தாரு.

நாங்க கதவப் பாத்துகினு நின்னோம். உள்ள டிக்குன்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கயிச்சி இன்னொரு டிக்கு. அப்பறம் டிக்கு டிக்கு டிக்குன்னு வுடாம. அப்பால தட்டற சத்தம்.

இன்ஜினியர் சாரு தன் அட்டயச் சந்துல வுட்டாரு. ஒண்ணும் ஆவல. திருப்பி வுட்டாரு. ஒண்ணும் ஆவல. வேற ஆபீசரு அட்டய வாங்கி வுட்டாரு. கதவு கம்முனு கெடக்குது.

"கதவு கெட்டுப் போச்சு சார்"னேன்.

"எப்படிய்யா கெட்டுப் போகும்? ஸ்டேட்டஸ் பச்சையா இருக்கே! போய் மறுபடி பார்த்துட்டு வா."

ஓடிப் போயிப் பாத்தேன். "பச்சதான் சார்."

"பார்த்தீங்களா?"ன்னாரு எங்க கிட்ட. உள்ளேந்து டம்மு டம்முன்னு அடிக்கறாரு.

கதவுக்கு மேல ஒரு சின்ன வென்டிலேட்டரு. அதுல சல்லட மாதிரி பொடி வல. பேரிங்க வெளிய தூக்கிப் போட்டுத் திருடறானுங்கன்னு பெரிய சாரே ஆர்டர் போட்டு அடிக்க வெச்ச வல. இப்ப அவர் பாக்கெட்ல சாவி கீது, வெளிய தூக்கிப் போட வழி இல்ல. ஆப்பசச்ச கொரங்கு கத தெரியுமில்ல? அதேதான். இன்ஜினியர் சாரு, மாமாவோட ஸ்டூல இழுத்துப் போட்டு அதும் மேல ஏறி நின்னு, வலையில வாய வெச்சிக் கத்தறாரு.

"சார்! பயப்படாதீங்க! கதவு நல்ல நிலைமையில இருக்கு!"

உள்ளேந்து பெரிய சாரு சொன்ன பதில எழுதனா எம்பேத்தி படிக்கமாட்டா. எங்க மெட்ராஸ் பாஷயக் கேவலம்னு பேசறவங்க அன்னிக்கு அவரு பேசனதக் கேட்டிருக்கணும். எங்க பேட்டக்காரனே அவரு கிட்ட தோத்தான்.

என்ன இன்னொரு தபா ஸ்டேட்டஸ் பாக்க அனுப்பனாங்க. பச்ச. எனக்கு வந்த சிரிப்ப அடக்க பொட்டி மேல தலய வெச்சிகினு நின்னேன். திரும்பி வந்தா சிரிப்பு அடங்கிப் போச்சு. உள்ள தட்டற சத்தம் மாறிடுச்சு. கோவத்துல தட்டறது வேற, பயத்துல தட்டறது வேற. "காத்து வரல, காத்து வரல"ன்னு குரலு நடுங்குது. அது எங்க பெரிய சாரு குரலே இல்ல.

கலாசிங்களக் கூப்புட ஒருத்தன் ஓடனான். மாமாவக் கூப்புட நான் ஓடனேன். எதுக்கு ஓடனேன்னு கேட்டா எனக்கே தெரியாது. அந்தக் கதவுன்னா மாமாதான்னு எல்லார் வாயிலயும் அதான் வந்துச்சு. எதிர டீக்கட பெஞ்சுல, டீய வாங்கி வெச்சிகினு குடிக்காம குந்திகினு இருந்தாரு.

"மாமா, பெரிய சாரு உள்ள மாட்டிகினாரு. வா."

"நான் வந்து இன்னா மச்சான் பண்ணுவேன்? சாவி அவரு பாக்கெட்ல கீது."

"நல்லா வோணும் அவருக்கு. நீ வராதன்னு சொல்லத்தான் எனக்கும் வாயி வருது. ஆனா கூப்டறாங்க."

மாமா டீய அப்டியே வெச்சிட்டு எந்திரிச்சாரு. "நல்லா வோணுமா? உள்ள ஒரு மனுஷன் கீறான்டா"ன்னாரு. என்னத் திட்டனா கூட அப்டி ஒறச்சிருக்காது.

வந்தாரு. இன்ஜினியர் சார எறங்கச் சொல்லிட்டு, தன் ஸ்டூல் மேல தானே ஏறனாரு. மொட்டக் கைய செவுத்துல ஊணிகினு, வலைகிட்ட மொகத்த வெச்சி, தெனம் கேக்கற அதே குரல்ல கேட்டாரு.

"சார், நான்தான். வூட்ல எல்லாம் சௌக்கியமா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இந்த நேரத்துல கேக்கற கேள்வியா இது! தட்டற சத்தம் நின்னுச்சு. அப்பறம் உள்ளேந்து மெதுவா வந்துச்சு.

"இல்லைய்யா. சௌக்கியம் இல்ல."

"யாருக்கு சார்?"

"என் சம்சாரத்துக்குத்தான். படுத்த படுக்கையா இருக்கா. ஒரு வருஷமா நீ தினம் கேட்டே. நான் என்னன்னு சொல்லுவேன்?"

வெளிய ஆபீசருங்க எல்லாம் தலயக் குனிஞ்சிகினாங்க. மாமா ஸ்டூல வுட்டு எறங்கல. இன்னா துன்றாங்க, பேசறாங்களா, யாரு பாத்துக்கறாங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டுகினே இருந்தாரு. உள்ளேந்து பதிலு வந்துகினே இருந்துச்சு. குரல்ல நடுக்கம் கொறஞ்சுது. பாய் தன் கூட்டத்தோட கடப்பாற எடுத்துகினு வந்து சேந்தாரு. "சார், செவுத்தோரமா போயி நில்லுங்க, இப்ப சத்தம் வரும்"னு மாமா சொல்லிட்டுத்தான் எறங்கனாரு. கலாசிங்க 'ஏலோ'ன்னு சேந்து பாட்டு சொல்லி நாலு அடி அடிச்சாங்க. எறக்கறப்ப பூப்போல எறக்கன அதே கதவு, நெலயோட பேந்து தரைல வுயுந்துச்சு. பெரிய சாரு இஸ்திரி கலஞ்சி, வேர்த்து வயிஞ்சி வெளிய வந்தாரு. யாரயும் பாக்காம ஆபீசுக்கு நடந்தாரு.

இன்ஜினியர் சாரு நேரா கரண்டு ரூம்புக்குப் போனாரு. நானும் போனேன். கதவு அங்க மல்லாந்து கெடக்குது, இங்க பச்ச அயகா எரிஞ்சிகினு இருக்குது. அவரு அத்த மொறச்சிப் பாத்துகினே நின்னாரு. அப்பால நகத்தால அந்தக் காஞ்ச சந்தனத்தச் சொரண்டனாரு. கீழ 'கோளாறு'ன்னு இங்கிலீஷ் எழுத்து வந்துச்சு. ரெண்டு மூடியயும் கழட்டி எடம் மாத்தி மாட்டனாரு. இப்ப செவப்பு எரிஞ்சுது. "நாளையிலிருந்து..."ன்னு ஆரம்பிச்சாரு, முடிக்கல.

வெளிநாட்லேந்து புதுக் கதவு வரவழைக்க கவர்மென்ட்டு லைசென்ஸ் கெடைக்கல. உள்ளூர்க் கதவு போடலாம்னா, ஹெட்டாபீசுக்கு இருக்கற கதவு இன்னா ஆச்சுன்னு சொல்லணுமே, அதுக்கு யாருக்கும் தெம்பு இல்ல. அதனால அந்த வாசலு வாசலாவே கெடந்துச்சு. உள்ள அத்தன வெல ஒசந்த சாமானு, வாசல்ல கதவு கெடயாது. அப்டின்னா ஒரு ஆளு இருந்தே ஆவணும் இல்ல? ஸ்டூலு பழைய எடத்துக்கே வந்துச்சு. போகிக்கு மாமாவக் கழிக்கப் பாத்தாங்க, கழிஞ்சது கதவு. அக்கா அந்தப் பொங்கலுக்கு சக்கரப் பொங்கல் வெச்சி, கூடவே மீனும் வறுத்தா. சாமிங்க மூணு பேருக்கும் சமமா நன்றி சொன்னா. நான் மட்டும் இல்லாத கதவோட ஸ்டேட்டஸத் தெனம் பாத்து "செவப்பு சார்"னு சொல்லிகினே இருந்தேன். வேணாம்னு யாரும் சொல்லல.

பொங்கல் லீவு முடிஞ்ச மொத நாளு. பெரிய சாரு ஸ்டோர்ஸ் பக்கம் வந்தாரு. எங்களுக்கெல்லாம் திக்குன்னு இருந்துச்சு. கதவு இல்ல, சாவி இல்ல, அட்ட இல்ல. அவரு பாட்டுக்கு உள்ள போலாம், தடுக்க ஒண்ணுமே இல்ல. மாமா ஸ்டூல்ல குந்திகினு கரும்பக் கடிச்சிகினு இருந்தாரு, அவரக் கவனிக்கல.

பெரிய சாரு வாசல்ல வந்து நின்னாரு. உள்ள போவல. நின்னுகினே இருந்தாரு.

மாமா நிமுந்து பாத்தாரு. கரும்பக் கீழ வெச்சிட்டு, வாயத் தொடச்சிகினு எந்திரிச்சாரு.

"வூட்ல எல்லாம் சௌக்கியமா சார்?"

"நேத்து அவ பொங்கல் ரெண்டு வாய் சாப்பிட்டாய்யா"ன்னாரு பெரிய சாரு.

"போங்க சார்"னாரு மாமா. அப்பறம்தான் அவரு உள்ள போனாரு.